ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் அளித்தது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வில்லிவாக்கம் பகுதி வண்ண மீன் வளர்ப்போரான நாம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் தருகிறேன். பதிவேட்டில் 71 பேர் இருக்கிறோம். இந்தக் கூடத்தில் இப்போது இருப்பவர்கள் 23 பேர்.

மாதக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. அக்டோபர், நவம்பர் கூட்டங்கள் மழையால் நின்றன. பிப்ரவரி கூட்டம் ஆள் சேராததால் நின்றது. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை கொளத்தூர் மீன் சந்தைக்கும் பண்ணைகளுக்கும் போய் வந்தோம். பக்கத்துப் பள்ளியில் நீர்ச்செடிகள் வைத்த இரண்டடி மீன் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தோம், பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் ஃபைட்டர் மீன் கண்காட்சி நடந்தது. பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள்.

இனி ஸ்பாஞ்ச் வங்கி, அதாவது நல்ல பாக்டீரியா வளர்ந்த ஃபில்டர் ஸ்பாஞ்சைப் புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சங்கப் பணத்தை இதில் போட்டது சரியா என்று இரண்டு கூட்டங்களில் கேள்வி வந்தது. அன்று எனக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதை. மின்சாரம் வந்ததும் ஃபில்டரைப் போட்டிருக்கிறார்கள். மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்திருக்கின்றன. மூன்றாம் நாள் தொட்டி காலி. ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்திலேயே அது சாக ஆரம்பிக்கும். அழுகிய ஸ்பாஞ்சை அப்படியே ஓடவிட்டால் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் வரும். என்னிடம் பவர் பேங்கில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று இருந்ததால் மூன்று ஸ்பாஞ்சுகள் பிழைத்தன. அவற்றைப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை ஆறு வீடுகளுக்குக் கொடுத்தேன். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் ஆறு தொட்டிகளும் சீக்கிரம் நிலைக்கு வந்தன. வங்கி என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான் உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றியும், செடி வைத்தும் சமாளிக்கலாம். புதிய தொட்டியில் இந்த பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சனிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை இருபது மீனை விடுகிறவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நம் பகுதியில் போர் தண்ணீர் கடினமானது, அதன் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையின் அளவு, எட்டை ஒட்டி நிற்கிறது. பிஎச் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெயில் காலத்தில் இன்னும் கூடும். கடைக்காரர் வீட்டில் நன்றாக இருந்த மீன் நம் வீட்டில் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை ராசி என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு கேட்கவே வருத்தமாக இருக்கும்.

ஆகவே 2024 ஏப்ரலில் என் வீட்டுப் பால்கனியில் நூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, 24 ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை அதில் ஓடவிட்டேன். கூடவே பத்துப் பன்னிரண்டு கப்பிகள். ஒரு ஸ்பாஞ்ச் பழகுவதற்கு, அதாவது அதில் நல்ல பாக்டீரியா பெருகுவதற்கு, ஆறு வாரம் விட்டேன். புதிதாகத் தொட்டி வைக்கும் உறுப்பினர் இதில் ஒன்றை வாங்கிப் போய்த் தன் தொட்டியில், தன் சொந்த ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஓடவிட வேண்டும். முதல் நாளே ஐந்தாறு சிறிய மீன்களைத் தைரியமாக விடலாம். இரண்டு மாதத்தில் அவருடைய ஃபில்டரும் பழகிவிடும். அப்புறம் நம் ஸ்பாஞ்சைத் திருப்பித் தர வேண்டும். விதி இவ்வளவுதான்.

இந்த ஆண்டு 31 முறை ஸ்பாஞ்ச் வெளியே போனது. நான் பின்னால் கேட்டு எழுதி வைத்த அளவில், வாங்கியவர்களில் நான்கு பேர் மட்டுமே முதல் மாதத்தில் மீனை இழந்தார்கள். அந்த நான்கில் இருவர் குளோரின் கலந்து வரும் மெட்ரோ வாட்டரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்துத் தொட்டியில் ஊற்றியவர்கள். குளோரின் மீனின் செவுளையும் கெடுக்கும், ஸ்பாஞ்சில் வளர்த்ததையும் கொன்றுவிடும். பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வையுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விடுங்கள். கடைகளில் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் கொஞ்சம் போட்டாலும் போதும்.

அதே காரணத்தால்தான் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசக்கூடாது என்கிறேன். தொட்டித் தண்ணீரை ஒரு மக்கில் எடுத்து, அதில் இரண்டு முறை மெதுவாகப் பிழிந்தால் போதும். ஓர் உறுப்பினர் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வாஷிங் மெஷினில் போட்டு வெள்ளை வெளேரென்று கொண்டுவந்தார். அவர் மனம் நோகக்கூடாது என்று நன்றி சொல்லித்தான் வாங்கிக்கொண்டேன். ஆனால் சோப்பு ஏறிய ஸ்பாஞ்ச் மீனுக்கு ஆகாது. அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

நவம்பரில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த ஒரு ஸ்பாஞ்சை நான் நேராக டிரம்மில் போட்டுவிட்டேன். அந்த வீட்டுத் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் இருந்தது எனக்குத் தெரியாது, அவருக்கும் அப்போது தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் டிரம்மில் இருந்த கப்பிகளின் உடலில் ரவை தூவியதுபோலப் புள்ளிகள். அதற்குள் இரண்டு ஸ்பாஞ்சுகள் வெளியே போயிருந்தன. ஒரு வீட்டில் ஏஞ்சல் மீன்கள் நான்கும் போயின. அது என் தவறு. அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். மீன்களுக்கு என் கையிலிருந்து பணம் கொடுத்தேன், சங்கக் கணக்கில் அது வராது.

அதன் பிறகு விதியை மாற்றினேன். வெள்ளைப் புள்ளிக் கிருமியால் மீன் இல்லாமல் உயிர் வாழ முடியாது. நம் ஊர் வெப்பத்தில் மீனே இல்லாத தண்ணீரில் சில நாளிலேயே அது முடிந்துவிடும். எனவே திரும்பி வரும் ஒவ்வொரு ஸ்பாஞ்சும் இப்போது தனி வாளியில், மீன் இல்லாமல், ஏர் பம்புடன் பத்து நாள் இருக்கிறது. பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது என்று இரண்டு நாளுக்கொரு முறை ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிடுகிறேன். வீட்டில் செடித் தொட்டியில் இந்த நோய் வந்தாலும் இதே வழிதான். மீன்களை மட்டும் செடியில்லாத தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்புப் போட்டுப் பாருங்கள். செடித் தொட்டியை மீன் இல்லாமல் பத்து நாள் விடுங்கள். செடிகள் பலவற்றுக்கு உப்பு ஆகாது. மெத்திலின் புளூ என்ற நீல மீன் மருந்தைச் செடித் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

ஜனவரி முதல் ஒரு நோய்ப் புகாரும் இல்லை.

செடிப் பகிர்வும் இந்த ஆண்டு நன்றாக நடந்தது. வாலிஸ்னேரியா நம் கடினத் தண்ணீரிலேயே செழித்து வளர்கிறது, கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது. ஹார்ன்வொர்ட்டுக்கு மண்கூட வேண்டாம், மிதக்கவிட்டாலே வளரும், அம்மோனியாவையும் உறிஞ்சிக்கொள்ளும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கியவர்கள் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்துவிட்டு அழுகிவிட்டது என்கிறார்கள். அதைக் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்ட வேண்டும். இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரின் வெண்டியை நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோனால் பிடுங்கிப் போடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விளக்கை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டுவிட்டுப் பாசி பிடிக்கிறது என்று மருந்து கேட்பவர்கள், முதலில் ஒரு டைமர் வாங்குங்கள்.

பெரிதாகிவிட்ட டேங்க் கிளீனர் மீன்களை ஐந்து வீடுகளிலிருந்து வாங்கி, பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடம் சேர்த்தோம். ரெட்டேரியிலோ வேறு எந்த ஏரியிலோ தயவுசெய்து விடாதீர்கள். தென் அமெரிக்க மீனான அது தமிழ்நாட்டின் ஏரி குளங்களில் ஏற்கெனவே பரவி, வலை போடுகிறவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. என்னிடம் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் வந்து எடுத்துப் போகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கடன் இல்லை, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்பாஞ்ச் வங்கிக்காகச் சங்கம் செலவழித்தது பம்ப், குழாய், ஸ்பாஞ்ச், பரிசோதனைச் சொட்டு மருந்து ஆகியவற்றுக்கு மட்டும். மின் கட்டணம் என்னுடையது, அதை நான் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. கையிருப்பு குறைந்ததற்குக் காரணம் வேறு. ஆண்டுச் சந்தா 500 ரூபாய். 71 பேரில் கட்டியவர்கள் 33. பல ஆயிரம் கொடுத்து ஃப்ளவர்ஹார்ன் வாங்குகிற உறுப்பினருக்கு இது பாரமாக இருக்காது என்றே நினைக்கிறேன். உண்மையிலேயே கஷ்டம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் பேசிக்கொள்ளலாம். மாணவர்களுக்குப் பாதிதான்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று அழைப்பு வரும். தீனியை நிறுத்துங்கள், குளோரின் இல்லாத தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள், பம்ப் இல்லையென்றால் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள் என்று சொல்வேன். மீன் பிழைத்துவிட்டது என்று காலையில் செய்தி வந்தால் அன்று முழுவதும் மனம் நிறைந்திருக்கும். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரைப் பார்க்க முடிவதில்லை. வங்கியில் ஸ்பாஞ்ச் வாங்கி நன்றாகத் தொட்டி வைத்திருப்பவர்களில் இன்று இங்கே வந்திருப்பவர்கள் ஐந்து பேர். இனி உதவி தேவையில்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. புதிதாக வருகிறவர் இரண்டடித் தொட்டியில் கோல்டு ஃபிஷ் எத்தனை விடலாம் என்று கேட்கும்போது, போன வருடம் அதே தவறைச் செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னால் அது நான் சொல்வதைவிட நன்றாக மனதில் ஏறும்.

கூடம் தந்த குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும், கொளத்தூரில் பொறுமையாகச் சுற்றிக் காட்டிய பண்ணைக்காரர்களுக்கும், கண்காட்சிக்கு மேசைகள் தந்தவருக்கும், பொருளாளருக்கும் நன்றி. நான் ஊருக்குப் போன நாட்களில் பன்னிரண்டு வாளிகளுக்கு நடுவே பால்கனியில் துணி காயப்போட்டபடி, ஒரு பம்பும் நிற்காமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. ஜூன் மாதம் நான் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, சில மாதங்கள் அங்கே தங்க நேரலாம். வங்கிக்கு நிழலான ஒரு பால்கனியோ மாடிப்படி அடியோ, ஒரு பிளக் பாயின்ட்டும், நாளுக்கு இருபது நிமிடமும் இருந்தால் போதும். வெயில் நேரத்தில் தண்ணீரின் மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் சேர்க்க வேண்டும், போர் தண்ணீர் சேர்த்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மற்றதையெல்லாம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கூடவே இருந்து சொல்லித் தருகிறேன். யாரையும் பெயர் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. மே கூட்டத்துக்குள் ஒருவர் முன்வந்தால் டிரம், பம்புகள், பதிவு நோட்டு எல்லாவற்றையும் நானே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.

ஒன்பது ஸ்பாஞ்சுகள் இன்னும் வெளியே இருக்கின்றன. காலம் கடந்துவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம், எதுவும் கேட்கமாட்டேன். வரும் ஞாயிறு காலை பத்து மணி வரை வீட்டில்தான் இருப்பேன். காயவிடாமல், உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். தொட்டியில் நோய் ஏதாவது வந்திருந்தால் அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்