நான்காவது மேய்ப்பனுக்கு இடம் கேட்டு ஒரு கடிதம்

அன்புக்குரிய டீச்சருக்கு,

ஞாயிறு பாடசாலையில் நத்தார் (கிறிஸ்மஸ்) நாடகத்துக்கு வேடங்களைப் பிரித்துக் கொடுக்கப் போவதாக நீங்கள் சொன்ன நாளிலிருந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவில் வேறு பேச்சே இல்லை. அந்தப் பேச்சினிடையே என் மகள் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடம் சேர்க்கவே இதை எழுதுகிறேன். மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் இடுகிறேன்.

ஆறு வயதுக் குழந்தையின் ஆசை ஓரிடத்தில் நிற்பதில்லை. திங்கட்கிழமை அவள் தேவதூதனாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை அம்மாவின் நீலத் தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு மரியாளானாள். அதன் பிறகு இரண்டு நாட்கள் கழுதையாக மட்டுமே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாவில் இப்போது உந்துவப் (டிசம்பர்) பௌர்ணமியோடு மலை யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டதால், பனிமூட்டம் விலகும் இரவுகளில் யாத்திரிகர் ஏறும் சிவனொளிபாதமலைப் பாதையின் விளக்குகள் எங்கள் வாசலிலிருந்தே தெரிகின்றன. அதைக் கண்ட இரவில், 'நட்சத்திரம் வந்துடுச்சு அப்பா, நான்தான் இன்னும் ரெடியாகல' என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது மேய்ப்பன் என்று நீங்கள் சொன்ன ஞாயிறன்று, கோயிலிலிருந்து மேட்டு லயம் வரை படிகளில் ஓடிவந்தே எல்லோருக்கும் அறிவித்தாள். 'வாருங்கள், பெத்லகேமுக்குப் போய்ப் பார்ப்போம்' என்ற அந்த ஒரே வசனத்தை எங்கள் கோழிகளும் அடுத்த வீட்டு ஆடும் இந்நேரம் மனப்பாடம் செய்திருக்கும்.

டவுனிலிருந்து உடைகளை வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்ட என் அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், தகரப் பெட்டியைத் திறந்து தம் பழைய கறுப்புக் கம்பளியை வெளியே எடுத்தார். மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்புகள் வருவதற்கு முன் மலையில் நின்ற பெண்களுக்குத் தலையிலிருந்து முதுகு வரை அந்தக் கம்பளிதான் காப்பு; நனைந்தால் கூடையைவிட அதுவே அதிகம் கனத்தது என்பார். இரவில் வெளியில் தங்கி மந்தை காத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உடை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதைப் போர்த்திக்கொண்டு மகள் கேட்டாள்: 'அப்பாயி, மேய்ப்பங்களையும் அட்டை கடிக்குமா?' 'புல்லு இருக்கிற எடத்துல அட்டை இல்லாம இருக்குமா?' என்றார் அம்மா. பெத்லகேம் வறண்ட மலைநாடு என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. சிறிது நேரம் கழித்து அம்மாவே என்னிடம், 'ராத்திரி வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனாங்களே, அவங்களுக்கு அரைப் பேர்தானே போட்டிருப்பாங்க?' என்று கேட்டார். தோட்டத்தில் அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம். இத்தனை வருடப் பிரசங்கங்களில் யாரும் கேட்டிராத கேள்வி அது. சம்பளம் போனாலும் போகட்டும் என்று புறப்பட்டவர்களாக அந்த மேய்ப்பர்களை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெரியவர், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் பல வருடம் மன்மதன் வேடம் கட்டியவர். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் காப்பது அங்கே முறை. 'வேசம் ஏத்துக்கிட்டா சும்மா இல்ல பாப்பா' என்று அவர் சொன்னதைக் கேட்ட நாள் முதல், நாடகம் நடக்கும் ஒளிவிழா முடியும்வரை இனிப்புத் தொடமாட்டேன் என்று இவள் தானாகவே தீர்மானித்துவிட்டாள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் பேத்தியும் இவளும் ஒரே வயது. ஞாயிறு பாடசாலைக்குக் கைகோத்தபடி வருவார்கள். மேய்ப்பர் மூவர்தான், உடையும் மூன்றுதான் என்பதால் அந்தப் பிள்ளைக்கு வேடம் கிடைக்கவில்லை. இரவு படுக்கையில் என் மகள் கேட்டாள்: 'அப்பா, மூணு பேர்தான் போனாங்கன்னு பைபிள்ல இருக்கா?'

எழுந்து விளக்கைப் போட்டு லூக்கா 2ஆம் அதிகாரத்தைப் படித்தேன். மேய்ப்பர்கள் என்று மட்டுமே இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. மத்தேயு 2ஆம் அதிகாரத்தின் சாஸ்திரிகளுக்கும் எண்ணிக்கை இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால்தான் பிற்காலத்தவர் அவர்களையும் மூவராக்கினார்கள். சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா எழுதுகிறார், ஆனால் சத்திரக்காரர் என்று ஒருவரும் அங்கே பேசவில்லை. மாடும் கழுதையும்கூட அந்தப் பகுதியில் இல்லை. ஆயினும் 1223இல் அசிசியின் பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் வைக்கோல் பரப்பி, உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அந்த இரவை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். மாட்டுக்கும் கழுதைக்கும் கிடைத்த இடம் நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இதை இவ்வளவு வற்புறுத்த எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. பத்து வயதில், வெள்ளைச் சட்டை இல்லை என்ற காரணத்தால், விழாவுக்கு முதல் நாள் நான் தேவதூதர் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டேன். அன்று கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்ட பாட்டுகள் எதையும் இன்றுவரை என்னால் முழுதாகப் பாட முடிவதில்லை.

அட்டையில் சிறகு வெட்டி, இரவிரவாக ஜரிகை ஒட்டுபவர் நீங்கள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். மேடை சிறியது என்பதும் தெரியும். மேய்ப்பர்கள் மேடையில் ஏறாமல், பின்வாசலிலிருந்து சபையின் நடுவே நடந்து வரட்டும். அந்த ஒரே வசனத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். உடைக்கு வாடகை வேண்டாம். மேட்டு லயத்திலும் பள்ளத்து லயத்திலும் தகரப் பெட்டிகளுக்குள் இன்னும் கம்பளிகள் இருக்கின்றன. வீடு வீடாகக் கேட்டு வாங்கிவரும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் இரண்டாவது கம்பளி ஒன்று இருக்கிறது. ஓரம் கிழிந்ததை நேற்றே தைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். என் மகள் தினமும் வாசலில் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாவது மேய்ப்பனின் அப்பா