வெறும் 4-3 போதாது: பெங்களூரில் ஸ்னூக்கர் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டி அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

அல்சூர், பிரேசர் டவுன், ஜீவன்பீமா நகர் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு ஸ்னூக்கர் ஆடுகிற, பார்க்கிற, மார்க்கிங் செய்கிற ஆட்கள் நாங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நீங்கள் வெளியிடும் முடிவுப் பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல். இரண்டு பெயர், நடுவில் 4-3 என்று யார் எத்தனை பிரேம் (ஆட்டத்துக்குள் வரும் தனித்தனிச் சிற்றாட்டம்) வென்றார் என்ற கணக்கு. அவ்வளவுதான் வருகிறது. வென்றது யார் என்று தெரிகிறது, எப்படி வென்றார் என்பது அரங்கில் இருந்த நாற்பது பேரோடு போய்விடுகிறது.

ஷெஃபீல்டில் நடந்த 1985 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் டெய்லர் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று வென்றார். கடைசி பிரேம் 66-62. வித்தியாசம் நான்கே புள்ளி. கடைசியாகப் பாக்கெட்டில் போட வேண்டிய கறுப்புப் பந்து மிச்சமிருந்தால் அதன் 7 புள்ளிக்கு எதிராளி விடாமல் ஆடியிருப்பார், ஆகவே பிரேம் கறுப்பில்தான் முடிந்திருக்கிறது. 66-இல் 7 போனால் 59. டெய்லர் 3 புள்ளி பின்னால் நின்று கறுப்பைப் போட்டிருக்கிறார். டேவிஸ் போட்டிருந்தால் கோப்பை அவருக்கு. முதல் எட்டு பிரேமும் டேவிஸ் எடுத்தவை என்பதையும் பக்கத்தில் வைத்தால், வீடியோ பார்க்காதவருக்கும் அந்த இரவு புரிந்துவிடும். இவ்வளவையும் சொல்வது சில எண்கள்தான்.

நம் ஊரிலும் இந்த மாதிரி இரவுகள் வந்துபோயிருக்கின்றன. 2014 நவம்பரில் இங்கே நடந்த உலக அமெச்சூர் ஸ்னூக்கர் இறுதியில் 14 வயது யான் பிங்தாவ் பாகிஸ்தானின் முகமது சஜ்ஜாதை 8-7 என்று வென்றான். ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டிய ஆட்டம் என்று பெருமை பேசுகிறோம். ஸ்கோர் எழுதுவதில் மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

நாங்கள் கேட்பது உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கிற வடிவம்தான்: 71(54)-12, 8-104(104), 66-59. ஆட்டத்தை வென்றவரின் புள்ளி எல்லா பிரேமிலும் இடப்பக்கம், 50-உம் அதற்கு மேலும் வரும் பிரேக் (ஒரே தடவையில் தொடர்ந்து எடுத்த புள்ளி) அடைப்புக்குள். இதில் அடிக்கடி நடக்கிற பிழை, ஆட்டத்தை வென்றவர் தோற்ற பிரேமில் எண்களைத் திருப்பிப் போட்டுவிடுவது. 8-104 என்பது 104-8 ஆனால், மொத்தக் கணக்கில் 4-3 ஆட்டம் 5-2 போல வந்து நிற்கும். தட்டச்சு செய்கிறவர் இடப்பக்கம் பெரிதாக இருக்கும் பிரேம்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும்.

அதைவிட மோசமான பிழைகள் ஸ்கோர்ஷீட்டிலேயே பிறக்கின்றன. ஒருவர் 43-இல் இருக்கிறார். கறுப்பைப் போடுகிறார், கோலால் அடித்த வெள்ளைப் பந்தும் கூடவே பாக்கெட்டில் விழுகிறது. அந்த ஷாட்டில் விழுந்த கறுப்புக்குப் புள்ளி கிடையாது. பிரேக் 43-தான், எதிராளிக்கு 7. ஆனால் அவசரத்தில் மார்க்கர் 7-ஐ முன்னாலேயே கூட்டியிருப்பார், ஷீட்டில் 50 என்று ஏறிவிடும். பல 'ஐம்பதுகள்' இப்படி வந்தவை. இன்னொன்று, ஃபவுல் புள்ளியைத் தவறு செய்தவரின் கணக்கிலிருந்து கழிப்பது. பூல் டேபிள் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சட்டென்று போகாது. ஸ்னூக்கரில் கழித்தலே இல்லை. குறைந்தது 4, அதிகபட்சம் 7, எதிராளிக்குச் சேரும்.

இதற்காகவே ஷீட்டில் ஃபவுலுக்குத் தனிக் கட்டம் வேண்டும். பந்து போட்டு எடுத்தது ஒரு பத்தி, ஃபவுலில் வந்தது ஒரு பத்தி. அப்போது ஒரு சுலபமான சரிபார்ப்பும் கிடைக்கும். பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு, பிறகு ஆறு வண்ணப் பந்துகள் என்று கணக்கிட்டால் 147. ஃபவுலும், ஃப்ரீ பாலும் (எதிராளியின் ஃபவுலால் வழி மறைந்தால் வேறொரு பந்தை ஆட வேண்டிய பந்தாகக் கொள்ளும் சலுகை), சமநிலையில் மறுபடி வைத்த கறுப்பும் இல்லாத பிரேமில் இருவர் புள்ளியும் சேர்ந்து 147-ஐத் தாண்டவே முடியாது. தாண்டினால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பது ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். ஃப்ரீ பால் கிடைத்தால் ஒரே பிரேக்கே 147-ஐத் தாண்டலாம் என்பது வேறு விஷயம். 2004-இல் ஜேமி பர்னெட் 148 எடுத்தது அப்படித்தான்.

சில பிரேம்களுக்கு எண் மட்டும் போதாது, ஒரு குறிப்பும் வேண்டும். நேராக முழுப் பந்தும் தெரிகிறபோது தொடர்ந்து மூன்று முறை அதைத் தொடத் தவறினால் பிரேமே போய்விடும். அப்போது 40-இல் இருப்பவர் தோற்று, 24-இல் இருப்பவர் வென்றிருக்கலாம். குறிப்பில்லாமல் 24-40 என்று போட்டால், பார்க்கிறவர் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார். புள்ளி சமமாகிக் கறுப்பை மறுபடி வைத்து ஆடினால் அதையும் எழுதுங்கள். 71-64 என்பதில் அந்த 7-க்கான கதை தெரியாது. பிரேமை விட்டுக்கொடுத்தால் அந்த நிமிடத்துப் புள்ளியோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு கைப்பழக்கத்தில் போட்ட பந்துகள் பிரேக்கில் சேராது. நூறு அடித்தான் என்று நண்பர்கள் கை தட்டலாம், ஷீட் தட்டக் கூடாது.

குரூப் சுற்றுக்கு வருவோம். சண்டை வருவதெல்லாம் இங்கேதான். நான்கு பேர் குரூப்பில் மூன்று பேர் இரண்டிரண்டு வெற்றியோடு நின்றால், யார் மேலே போவது? பிரேம் வித்தியாசம் பார்ப்பீர்கள். அங்கே ஒரு வாக்ஓவரை 3-0 என்று ஏற்றியிருந்தால், பந்தைத் தொடாமலே ஒருவருக்கு மூன்று பிரேம் லாபம். எதிரே ஆடி 3-2 என்று வென்றவர் வெளியே போவார். வாக்ஓவரை வாக்ஓவர் என்றே எழுதுங்கள். சமநிலை வந்தால், அந்த வராத ஆள் சம்பந்தப்பட்ட ஆட்டங்களை மூவருக்கும் சேர்த்தே கணக்கிலிருந்து எடுத்துவிடுவதுதான் நியாயம் என்பது எங்கள் கட்சி. புள்ளி வித்தியாசத்தை மட்டும் தயவுசெய்து அளவுகோலாக்க வேண்டாம். தோற்றுவிட்ட பிரேமை மரியாதையாக விட்டுக்கொடுக்கிறவருக்கும், கடைசி பிங்க் வரை இழுக்கிறவருக்கும் அதில் ஒரே நீதி கிடைக்காது. எந்த விதியாக இருந்தாலும் டிராவோடு (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலோடு) சேர்த்து முதல் நாளே ஒட்டிவிடுங்கள். மூன்றாம் நாள் மாலையில் விதி யோசிக்க ஆரம்பித்தால் எப்படி முடிவெடுத்தாலும் சந்தேகம்தான்.

சந்தேகம் என்றதும் இன்னொன்று. 2013-இல் ஆட்ட மோசடிக்காக 12 ஆண்டு தடை பெற்ற ஆட்டக்காரர் ஸ்டீபன் லீ விவகாரத்தில் ஆட்டத்தைத் தோற்பது மட்டும் பேரமாக இருக்கவில்லை, முதல் பிரேமை விடுவதும் இருந்தது. இங்கே 14 வயதில் வென்ற அதே யான் பிங்தாவ், 2021-இல் மாஸ்டர்ஸ் கோப்பையைத் தூக்கியவர், 2023-இல் ஆட்ட மோசடிக்காக ஐந்தாண்டுத் தடை வாங்கினார். பிரேம் வாரியாகப் பதிவு இல்லாத போட்டியில் இப்படியொரு புகார் வந்தால், விசாரிக்கிறவர் எதைப் பார்ப்பார்? குற்றமில்லாத ஆட்டக்காரர்தான் எதைக் காட்டித் தப்பிப்பார்?

முடிவோடு டேபிள் எண்ணையும் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே போட்டியில் ஒரு டேபிளில் புதுத் துணி, இன்னொன்றில் ஒரு வருடத் துணி. முதலாவதில் ஐந்து சதம், இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை என்றால் அது ஆட்டக்காரர்களின் தரம் மட்டுமில்லை. துணியின் மென்ரோமம், நாப் என்று சொல்வது, பச்சைப் பந்து முனையிலிருந்து கறுப்பு முனையை நோக்கிப் படிந்திருக்கும். பிரஷ்ஷும் இஸ்திரியும் அந்தத் திசையில் மட்டும் போக வேண்டும். சில இடங்களில் முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள், மெதுவாகப் போகிற பந்து அப்புறம் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை மாதங்களில் ஜன்னலைத் திறந்துவிட்டால் துணி ஈரம் குடிக்கும், வேகம் குறையும், பந்தோடு பந்து மோதும்போது 'கிக்', அதாவது பந்து ஒட்டியதுபோல் தடம் மாறுவது, அதிகமாகும். ஏசியை இரவில் நிறுத்திக் காலையில் போடுவதைவிட, போட்டி முடியும்வரை ஒரே அளவில் ஓடவிடுவது நல்லது.

ஹோட்டல் ஹாலில் தற்காலிகமாக டேபிள் போடுகிறவர்களுக்கு: சிலேட்டோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் எடை. கார்ப்பெட் மேல் நிறுத்தினால் கால் அமுங்கும். பூட்டிய அன்று மட்டம் பார்த்தது போதாது, மறுநாளும் ஸ்பிரிட் லெவல் வைக்க வேண்டும். மேசையில் பந்து வைக்கும் புள்ளிகளையும் கோடுகளையும் அளந்துவிடுங்கள். அடி குஷனிலிருந்து பாக் கோடு என்கிற குறுக்குக் கோடு 737 மில்லிமீட்டர், அதை ஒட்டிய அரைவட்டமான 'டி'-யின் ஆரம் 292, மேல் குஷனிலிருந்து கறுப்புப் புள்ளி 324. பந்து 52.5 மில்லிமீட்டர், ஒரு செட்டுக்குள் எடை வித்தியாசம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. செட்டில் முதலில் தேய்வது வெள்ளைதான், ஒவ்வொரு ஷாட்டிலும் அடி வாங்குவது அதுதானே. இலேசான வெள்ளை ஸ்க்ரூவுக்கு (பின்னால் இழுக்கும் அடிக்கு) சட்டென்று பின்னால் வரும், ஃபாலோவில் (முன்னால் ஓட்டும் அடியில்) பாதி வழியில் நின்றுவிடும். தராசு ஒன்று நடுவர் மேசையில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் தனி ஆள் தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு ஆட்டக்காரரும் நடுவரும் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போனில் படமெடுத்து அன்றிரவே முடிவோடு சேர்த்து வெளியிட்டால் போதும். யாராவது பிழை சொன்னால் மறுநாள் முதல் ஆட்டத்துக்குள் திருத்தலாம், திருத்தியதைத் திருத்தியது என்றே குறிப்பிடலாம். பிரேம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், டேபிள் எண், இந்த மூன்று கட்டங்களோடு ஷீட்டின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் வரைந்து வைத்திருக்கிறோம். கேட்டால் தருகிறோம். மார்க்கிங் செய்ய ஆள் குறைந்தாலும் சொல்லுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வருவோம்.

இப்படிக்கு,
அல்சூர், பிரேசர் டவுன், ஜீவன்பீமா நகர் ஸ்னூக்கர் ரசிகர்கள்
பெங்களூரு