தாராவியின் சந்துகளுக்குள் செய்தியைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு எங்கள் சால் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பு) வரை வந்து, வாசல்தோறும் எண் எழுதப்பட்டுவிட்டது. இனி யார் இங்கேயே இருப்போம், யார் குர்லா பக்கமோ முலுண்டு பக்கமோ போவோம் என்று இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. கலைந்து போவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக, 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் எங்களுக்கு உதவியவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வதென்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடி முடிவெடுத்தோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

அரிசியும் பருப்பும் மருந்தும் தந்தவர்களுக்கு அந்நாட்களிலேயே நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். இம்மடல் வேறு சிலருக்கானது. ஆட்சியில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் சொன்னதை எங்களால் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்றாக ஆக்கி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. வீட்டிலேயே இருங்கள், ஆறடி விலகி நில்லுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள் என்ற அறிவுரையில் மருத்துவ நோக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நிலத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதாக மதிப்பிடப்படும் தாராவியில், பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கி, குழாய் வரும் நேரத்தில் தண்ணீர் பிடித்து, விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த அறிவுரையில் பாதி பொருந்தவே இல்லை. மக்கள் ஆயத்தமாவதற்கு நான்கு மணி நேரம் மட்டுமே தந்தது தவறு என்பது அன்றும் எங்கள் கருத்து, இன்றும் எங்கள் கருத்து. நாள் கூலியில் வாழ்பவனிடம் வெளியே வராதே என்று சொல்பவர், நாளைக்கு அவன் எதைச் சாப்பிடுவான் என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே மிகுதி. மூன்றாம் தலைமுறை மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசினாலும், வீட்டில் ஓடுவது சென்னைத் தொலைக்காட்சிதான். அன்றைய சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷ் மாலைதோறும் தந்த விவரங்களும், தமிழ்நாட்டின் இ-பாஸ் விதிகளும் எங்கள் பெரியவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மும்பை மாநகராட்சி ஏப்ரல் 8 அன்று பொது இடங்களில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியதோ பலருக்குத் தெரியாது. இருக்கும் ஊரின் விதி தெரியாமல், பிறந்த ஊரின் விதியைப் பின்பற்றிக்கொண்டிருந்தோம்.

இந்த இடைவெளியை முதலில் நிரப்பியவர்கள் ஆரோக்ய சேவிகாக்கள், அதாவது வீடு வீடாக வரும் சுகாதாரப் பணிப் பெண்கள். ஏப்ரல் 1 அன்று பாலிகா நகரில் தாராவியின் முதல் தொற்று கண்டறியப்பட்டு, அந்த மனிதர் அன்றே இறந்துபோனார் என்ற செய்தி பரவியபோது, கதவைச் சாத்திக்கொண்டவர்களே அதிகம். அந்நாட்களில் கதவைத் தட்டியவர்கள் அந்தப் பெண்கள். பல ஆண்டுகளாகச் சொட்டு மருந்துக்கும் காசநோய் மாத்திரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பழகியவர்கள் என்பதால், எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், எந்தத் தாத்தாவுக்கு மூச்சிரைப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம். அறிமுகமில்லாத ஒருவர் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டியிருந்தால் எங்கள் பாட்டிமார் திட்டி அனுப்பியிருப்பார்கள். மதிப்பூதியத்துக்குப் பணியாற்றிய அவர்கள், தங்கள் வீட்டுக் குழந்தைகளை நினைத்து அஞ்சிக்கொண்டே எங்கள் வீடுகளுக்கு வந்தார்கள் என்பதை நாங்கள் அறிவோம். தாய்மார்களே, சகோதரிகளே, முதல் வணக்கம் உங்களுக்கு.

அடுத்து, மெகாஃபோனோடு சந்து சந்தாக நடந்த இளைஞர்கள். 90 அடி சாலையில் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகலாம். உள் சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அங்கெல்லாம் நடந்தே போய், மராத்தியிலும் இந்தியிலும் அறிவித்த அதே செய்தியை, எங்கள் வீடுகளில் பேசும் நெல்லைத் தமிழிலும் நீங்கள் சொன்னீர்கள். ரேஷன் எந்தக் கடையில் எப்போது தருகிறார்கள், காய்ச்சல் முகாம் எந்தப் பள்ளியில், எந்தச் சந்து அடைக்கப்பட்டிருக்கிறது என்று அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சொன்னீர்கள். பயமுறுத்தும் சொல் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. ஏப்ரல் 14 அன்று ரயில் விடுகிறார்கள் என்ற வதந்தியோடு பாந்த்ரா நிலையத்தருகே பெருங்கூட்டம் கூடியதை நினைத்துப் பார்த்தால், அத்தகைய வதந்தி எங்கள் சந்துக்குள் காலூன்றாமல் இருந்ததற்கு நீங்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

அதிகாரிகளுக்கு நன்றி சொல்வதில் எங்களுக்குள் சிறு வாக்குவாதம் நடந்தது. கடமையைச் செய்ததற்கு நன்றி எதற்கு என்றார் ஒருவர். தாராவி அடங்கிய ஜி-வடக்கு வட்டாரத்தின் மாநகராட்சி உதவி ஆணையராக இருந்த கிரண் திகாவ்கருக்கும், மே மாதம் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற இக்பால் சிங் சாஹலுக்கும் அவர்களின் கீழ்ப் பணியாற்றியவர்களுக்கும் நாங்கள் நன்றி சொல்வது, பொருந்தாத அறிவுரையை மாற்றிக்கொண்டதற்காக. தாராவியில் வீட்டுக்குள் தனிமைப்படுத்தல் நடக்காது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நோயாளிகள் தாமாக வந்து சேரும் வரை காத்திராமல் தொற்றைத் துரத்திப் பிடிப்பது என்று வழியை மாற்றினார்கள். ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம், பள்ளிக்கூடங்கள், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா எனக் கிடைத்த இடமெல்லாம் தனிமை முகாம் ஆனது. வீட்டிலேயே இருங்கள் என்று கேட்ட காதுகளுக்கு, காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள், அழைத்துப்போய் உணவு கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம் என்ற வேறு செய்தி வந்தது.

அழைத்துப்போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்ற அச்சம் கடுமையாக இருந்தது. இந்த நகருக்கு அது புதிதும் அன்று. 1896 இல் தொடங்கிய பிளேக்கின்போது வீடு புகுந்து சோதித்ததும், நோயாளிகளைப் பலவந்தமாக இழுத்துப்போனதும் மக்களை ஒளியத்தான் வைத்தன. அன்றைக்கு இயற்றிய 1897 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020 மார்ச் 13 அன்று இந்த மாநில அரசும் கையில் எடுத்தது. சட்டம் பழையதாக இருந்தாலும் அணுகுமுறை அப்படி இருக்கவில்லை என்பது எங்கள் நற்பேறு. முகாமிலிருந்து முதலில் திரும்பிய சிலர், அங்கே மூன்று வேளையும் சோறும் சப்பாத்தியும் தந்தார்கள், டாக்டர் தினமும் வந்து பார்த்தார், கழிப்பறைக்கு வரிசை இல்லை என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னதைவிட வலுவான அரசு அறிவிப்பு எதையும் நாங்கள் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தாரின் விலக்கத்தைப் பொறுத்துக்கொண்டு அதைச் சொன்னவர்களே, உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

எங்கள் பகுதியின் சிறு மருத்துவமனைகளை மூடாமல் வைத்திருந்த டாக்டர்களுக்கும், கவச உடையில் வெந்துகொண்டே வீடு வீடாக வந்து பரிசோதித்தவர்களுக்கும் நன்றி. வாட்ஸ்அப்பில் வந்த கைவைத்தியங்களைக் கேலி செய்யாமல், கபசுரக் குடிநீரைக் குடிக்க விரும்பினால் குடியுங்கள், ஆனால் மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திராதீர்கள் என்று சொன்ன பக்குவத்தைப் பல அமைச்சர்கள் உங்களிடம் கற்றுக்கொள்ளலாம். பொதுக் கழிப்பறைகளை நாள்தோறும் பலமுறை கழுவி மருந்து தெளித்த தூய்மைப் பணியாளர்களுக்கு, கைதட்டலோடு நிறுத்தாமல் நிரந்தர வேலை கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

தலைவர்களுள் சிலரையும் குறிப்பிட வேண்டும். அன்றைய முதல்வர் உத்தவ் தாக்கரேயின் ஆட்சியைப் பற்றி எங்களுக்குள் பல கருத்துகள் உண்டு. ஆனால் குரலை உயர்த்தாமல், நிலைமை கெட்டிருக்கும்போது கெட்டிருக்கிறது என்றே அவர் பேசினார். எண்ணிக்கை ஏறிய நாட்களிலும் சுகாதார அமைச்சர் ராஜேஷ் டோபே செய்தியாளர்களைச் சந்தித்தார். முன்பு செவிலியராகப் பணியாற்றிய மேயர் கிஷோரி பெட்னேகர் ஏப்ரல் இறுதியில் செவிலியர் உடை அணிந்து நாயர் மருத்துவமனைக்குச் சென்றதை நாடகம் என்றவர்கள் உண்டு. எங்கள் சாலில் இருக்கும் செவிலியர் பெண் அன்று தலை நிமிர்ந்து வேலைக்குப் போனாள். எங்களுக்கு அது போதும். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் தொற்றைக் கட்டுப்படுத்தியதற்கு எடுத்துக்காட்டாகத் தாராவியின் பெயரைச் சொன்னபோது மகிழ்ந்தோம் என்பது உண்மை. பாராட்டைப் பங்கு போட ஓடி வந்தவர்களின் பட்டியல் நீளமானதால் அதைத் தவிர்க்கிறேன்.

தடுப்பூசிக் காலம்தான் எங்களைக் கடுமையாகச் சோதித்தது. 2021 மார்ச்சில் தாராவியிலேயே, சோட்டா சயன் மருத்துவமனையில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 8 அன்று ஒரே நாளில் தாராவியில் 99 பேருக்குத் தொற்று. அந்த நேரத்தில் நடிகர் விவேக், பிறருக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகவே ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். 17 ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். பக்கத்துச் சந்தின் மராத்திக் குடும்பங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. எங்கள் வீடுகளிலோ ஊசிக்கென எடுத்து வைத்திருந்த ஆதார் அட்டைகள் பெட்டிக்குள் திரும்பின. அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னர் தெரிவித்தது. ஆனால் அதற்குள் பல மாதங்கள் கடந்துவிட்டன. மாநகராட்சியின் சுவரொட்டிகளிலும் இந்தத் தயக்கத்துக்கு விடை இல்லை, ஏனெனில் கேள்வி தமிழ் வீடுகளுக்குள் மட்டுமே கேட்கப்பட்டது.

அதற்கு விடை சொன்னவர்கள் எங்கள் பிள்ளைகளின் ஆசிரியைகள். ஆன்லைன் வகுப்புக்காகக் கையில் இருந்த எண்களைக் கொண்டு ஒவ்வொரு தாயையும் அழைத்து, நீங்கள் அஞ்சுவது நியாயம்தான் என்று தொடங்கி, இதயக் குழாய் அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் இணையதளத்தில், மற்ற மொழிகள் வரும் முன்பே, எங்கள் பெரியவர்களின் பெயர்களை நீங்களே பதிந்தீர்கள். ஊசி நாளன்று உடன் வந்து வரிசையிலும் நின்றீர்கள். மேடம், உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத் தனியாக வீட்டுக்கு வந்து சொல்கிறோம். இருப்பினும் அது ஊரறியப் பதிவாக வேண்டும்.

இம்மடலின் மராத்திப் படி ஒன்றை தாதரில் உள்ள ஜி-வடக்கு வட்டார அலுவலகத்தில் கொடுக்கிறோம். ஆரோக்ய சேவிகாக்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் அது படித்துக் காட்டப்பட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அக்காலத்தில் உதவி, இதில் இடம்பெறாமல் போனவர்கள் யாரேனும் இருந்தால், சால் காலியாவதற்குள் எங்களிடம் தெரிவியுங்கள்; அடுத்த படியில் சேர்த்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தாராவி, மும்பை – 400017
சால் குடியிருப்போர் சார்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தான்