ஐந்து டாலர்தான், ஐம்பது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வாஷிங்டன் பயணக் கட்டுரையைப் படித்தேன். வெள்ளை மாளிகை, லிங்கன் சிலை, செர்ரி மரங்கள் எல்லாம் சரி. "அரசாங்க ஊர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அடங்கிவிடும். இசை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு நாள் போதும்" என்று ஒரு வரி வருகிறதே, அதற்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை.

ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டன் பிறந்த ஊர் அது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கோ-கோ என்ற தாள இசை அங்கேதான் பிறந்தது. 2020இல் அதை ஊரின் அதிகாரபூர்வ இசையாகவே அறிவித்தார்கள். அதைவிட வேடிக்கை, அதே பக்கத்துப் பெட்டிச் செய்தியில் 'ஃபியூகாஸி என்ற ஹெவி மெட்டல் குழு, டிக்கெட் 50 டாலர்' என்று போட்டிருக்கிறீர்கள். இசையே இல்லாத ஊரில் இந்தக் குழு எந்த பஸ்ஸில் வந்து இறங்கியதோ!

ஃபியூகாஸி அந்த ஊர்க் குழுதான். ஹெவி மெட்டல் இல்லை, பங்க் ராக்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர். 1987இல் முதல் கச்சேரி. டிக்கெட் ஐந்து டாலருக்கு மேல் போகக் கூடாது, எந்த வயதுக்காரரையும் உள்ளே விட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர்கள். பிற்காலத்தில் சில ஊர்களில் ஒன்றிரண்டு டாலர் கூடியிருக்கலாம். நீங்கள் ஒரு பூஜ்யத்தையே கூட்டிவிட்டீர்கள்.

ஒய்2கே (2000ஆம் ஆண்டுக் கணினித் தேதிக் கோளாறு) வேலைக்காக வர்ஜீனியாவில் ஒரு அபார்ட்மென்ட்டில் நாலு பேராகக் கிடந்த காலத்தில் நான் அவர்களை நேரில் கேட்டிருக்கிறேன். வாஷிங்டன் மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் டென்லிடவுன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஃபோர்ட் ரெனோ பூங்கா. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கோட்டை இருந்த மேடு. 409 அடி, அந்த ஊரிலேயே உயரமான இடம். ஏறும்போது அப்படித் தோன்றாது. பின்னால் கோட்டைக் கோபுரம் போலத் தண்ணீர்த் தொட்டி. நுழைவு இலவசம், மது கூடாது. புல்லில் போர்வை விரித்துக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மடக்கு நாற்காலியில் ஒரு பாட்டி, அவர்களுக்கு நாலடி தள்ளி தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்ட பையன்கள்.

அப்புறம் ஃபியூகாஸிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். உங்கள் விமர்சகர் இதைக் 'காட்டுக்கத்தல்' என்பார். கத்தல் உண்டு. ஆனால் நடுவில் எல்லாக் கருவியும் சட்டென்று நின்று, மழைக்கு முன் காற்று நின்றுவிடுமே, அந்த மாதிரி ஒரு அமைதி வரும். பேஸ் கிட்டார் மட்டும் மெதுவாக நடந்து வரும், பிறகு இரண்டு கிட்டார்களும் ஒன்றாக இடிக்கும். முன்வரிசையில் ஒரு தடியன் மற்றவர்களை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, 'சார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு அவனை அடங்கச் சொன்னார்கள். அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. டிக்கெட் கச்சேரியில் இப்படி ஆடினால் ஐந்து டாலரைக் கையில் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள் என்பது ஊரறிந்த கதை.

இங்கே? போன வருஷம் சென்னையில் ஒரு கச்சேரிக்கு 'கோல்டு' வகுப்பில் மூவாயிரம் கொடுத்து இரண்டரை மணி நேரம் ஒரு கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பேத்தியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி உங்களுக்கு எழுதிய கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி, என் ஊர்ப் பெயரும் தப்பாக வந்தது. மார்கழி வந்தால் மட்டும் நாற்பது பக்கம் சிறப்பிதழ். சபாவில் முன்வரிசை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்று அதில் ஒரு பத்தி வந்ததுண்டா?

ஒரு நாள் போதுமாம்! யூ ஸ்ட்ரீட்டில் 1958 முதல் நடக்கும் பென்ஸ் சில்லி போல் கடை ஒன்றுக்கே ஒரு சாயங்காலம் வேண்டும். அதைத் தொடங்கிய பென் அலி ட்ரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். மார்ட்டின் லூதர் கிங் கொலையை ஒட்டி வெடித்த 1968 கலவரத்தில் தெருவே எரிந்தபோதும் மூடாத கடை. அங்கே பெயர்பெற்றது பாதிப் பன்றி, பாதி மாடு கலந்த தொத்திறைச்சி. நான் உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் கட்டுரையாளர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில்தான் 1991 ஜனவரிக் குளிரில் இதே ஃபியூகாஸி வளைகுடாப் போரை எதிர்த்து வாசித்தது. படத்தில் அவர் சிரிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 50 என்பதை 5 என்றும், ஹெவி மெட்டல் என்பதைப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்றும் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை இரண்டு வரியாக்கிப் போடுவதானால் போடவே வேண்டாம். சந்தா மார்ச்சில் முடிகிறது.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷச் சந்தாதாரர்,
குரோம்பேட்டை (குன்றத்தூர் இல்லை)