செயலாளரின் ஆண்டறிக்கை: திருவொற்றியூரிலிருந்து ஒருநாள் பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பணிகளைத் துணைச் செயலாளர் தம் அறிக்கையில் விளக்குவதால், சென்ற பேரவையின் தீர்மானப்படி, வேன் இல்லாமல் ரயிலிலும் பேருந்திலும் நம் சங்கம் நடத்திய ஒருநாள் பயணங்களைப் பற்றி மட்டும் நான் தெரிவிக்கிறேன்.

சுற்றுலா என்றால் வேன் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துப் போவதே நம் வழக்கமாக இருந்தது. பணம் கட்ட இயலாத குடும்பங்கள் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்வதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருந்தியிருக்கிறோம். ஐந்து ரூபாயில் தொடங்கும் கட்டணத்தில் புறநகர் மின்சார ரயில் நம் ஊர் வழியாகவே கும்மிடிப்பூண்டிக்கு ஓடுகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அப்படியிருக்க, வேன் வாடகையை நாமே ஒரு தடையாக ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியிலிருந்து இம்முயற்சி பிறந்தது.

முதலில் பழவேற்காடு சென்றோம். பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி வணிகம் செய்த ஊர் அது. கோட்டை அழிந்துவிட்டது; கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கண்டு முதலில் பின்வாங்கிய பிள்ளைகள், சற்று நேரத்தில் அருகே போய் விரல் நீட்டி எலும்புகளை எண்ணத் தொடங்கினர். படகில் ஏறுவதில்லை என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தோம். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை நாங்கள் மறக்கவில்லை.

திரும்பும் வேளையில் நேர்ந்த தவறுக்கு நானே பொறுப்பு. போகும் நேரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, திரும்பும் பேருந்தின் நேரத்தை விசாரிக்காமல் விட்டிருந்தேன். ஒரு பேருந்து கண்ணெதிரே போய்விட, அடுத்தது வரும் வரை முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. மீன் கூடையோடு அங்கே அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து, தங்கள் பலகையை நம் பாட்டிமார்களுக்குக் கொடுத்ததை நன்றியோடு பதிவு செய்கிறேன். அன்றிலிருந்து, கடைசிக்கு முந்தைய பேருந்து எப்போது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே போகும் இடத்தை முடிவு செய்கிறோம். கடைசிப் பேருந்தை நம்பி யாரையும் அழைத்துச் செல்வதில்லை.

பூண்டிப் பயணம் அந்த ஒழுங்கின்படி நடந்தது. பேசின் பாலத்தில் ரயில் மாறித் திருவள்ளூருக்கும், அங்கிருந்து பேருந்தில் நீர்த்தேக்கத்துக்கும் சென்றோம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944இல் திறக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் அது. அதே ஆறுதான் எண்ணூரில் கடலில் கலக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் இளமை முழுவதும் இறால் பிடித்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், கரையில் நெடுநேரம் நின்று, "நம்ம ஆத்தோட தலைய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அணை ஆற்றின் ஊற்றுக்கண் அன்று என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அருகிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அத்திரம்பாக்கம் பகுதிக் கற்கருவிகளைப் பார்த்தோம். 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழைமையானவை என்று பிற்கால ஆய்வு கூறுகிறது. நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இத்தனை காலம் அவர்களை அழைத்துப் போகாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சிறுவாபுரி முருகன் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை நெரிசலைத் தவிர்த்து வேறொரு நாளில் சென்று வந்தோம். வேடந்தாங்கலுக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வரை ரயிலில் சென்றதே உகந்ததாக இருந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்திசைப் பேருந்தைப் பிடிக்க நாம் நகரையே கடந்தாக வேண்டியிருக்கிறது.

பயணச்சீட்டையும் சாப்பாட்டையும் அவரவரே பார்த்துக்கொண்டதால், முதலுதவிப் பெட்டிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களுக்கும் மட்டுமே சங்க நிதி செலவானது.

ஒரு குறையைப் பேரவை கவனத்தில் கொள்ள வேண்டும். வழியில் கழிப்பறை இருக்குமோ இராதோ என்று அஞ்சிக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்த பெண்கள் பலர். ஆகவே, வரும் ஆண்டுக்குத் திட்டமிட்டுள்ள திருவாலங்காடு, திருத்தணிப் பயணங்களுக்கு இருவர் முன்னதாகவே சென்று, கழிப்பறை, குடிநீர், திரும்பும் வண்டி ஆகியவற்றை நேரில் பார்த்து எழுதி வர வேண்டும் என்றும், அவ்விருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. திருவாலங்காட்டில் ரயில் நிலையத்திலிருந்து கோவில் தொலைவில் இருப்பதால், இவ்வாறு முன்னதாகச் சென்று பார்ப்பது முதலில் அங்கேயே நடைபெறும். முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்