சம்பந்திக்கு எழுதிய கடிதம்

அன்பு மகளுக்கு,

கியோட்டோவில் ஹொன்னோஜி கோயில் வாசலில் நின்று எடுத்த படம் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பெரும்பகுதியைப் பிடித்து ஆண்ட ஓடா நொபுநாகாவை, அவருடைய தளபதியே ஏன் சாவுக்குத் தள்ளினான் என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சம்பவம் நடந்தது நீ நின்ற இடத்தில் இல்லை. பழைய கோயில் எரிந்துபோனது. பின்னாளில் இப்போதுள்ள இடத்துக்கு அதை மாற்றியது நொபுநாகாவின் இன்னொரு தளபதி ஹிதெயோஷி.

நீ கேட்ட தளபதி, அகெச்சி மிட்சுஹிதே, ஏன் அதைச் செய்தார் என்பதற்கு 400 வருடத்துக்கும் மேலாக ஆளுக்கொரு பதில். விருந்தில் நொபுநாகா அவரை அவமானப்படுத்தினார், மிட்சுஹிதேயின் அம்மா பணயக் கைதியாகப் போய்ச் சாகக் காரணமானார் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்த கதை. ஷிகோகு தீவின் ச்சோசொகாபே குடும்பத்தோடு நொபுநாகாவின் சார்பில் பேசிவந்தவர் மிட்சுஹிதே. திடீரென்று நொபுநாகா மனம் மாறி அங்கே படை அனுப்பக் கிளம்பினார். நடுவில் நின்று வாக்குக் கொடுத்தவன் முகம் எப்படி இருந்திருக்கும்? எனக்கு இந்தக் காரணம்தான் ஓரளவு ஒப்புகிறது.

1582 ஜூனில், மேற்கே மோரி குடும்பத்தோடு மோதிக்கொண்டிருந்த ஹிதெயோஷிக்குத் துணைக்குப் போகச் சொல்லி மிட்சுஹிதேக்கு உத்தரவு. சுமார் 13,000 பேரோடு கமெயாமா கோட்டையிலிருந்து ராத்திரியில் புறப்பட்டவர், மேற்கே போகாமல் மலையேறி இறங்கி கியோட்டோ பக்கம் திரும்பிவிட்டார். யாரைத் தாக்கப் போகிறோம் என்று சிப்பாய்களுக்கே தெரியாது. நொபுநாகாவின் கூட்டாளி இயெயாசுவைத்தான் என்று நினைத்தோம் என்று அவர்களில் ஒருவர் வயதான காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். விடியும்போது கோயிலை வளைத்தாகிவிட்டது. உள்ளே நொபுநாகாவோடு இருந்தது கொஞ்சம் பேர்தான். அவர் தன் கையாலேயே உயிரை விட்டார். உடல் கிடைக்கவில்லை.

சரி, எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த வாரம்தான் முக்கியம்.

மிட்சுஹிதேயின் மகள் தாமாவைக் கட்டிக்கொண்டவர் ஹோசோகாவா தடாவோகி. அவருடைய அப்பா ஃபுஜிதாகா, மிட்சுஹிதேக்குச் சம்பந்தி மட்டுமில்லை, பழைய சிநேகிதரும்கூட. வேறு யார் வராவிட்டாலும் இவர்கள் வருவார்கள் என்று மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார். அவர்களோ நொபுநாகாவுக்குத் துக்கம் காட்டக் குடுமியை அறுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

நொபுநாகா செத்த ஏழாம் நாள் மிட்சுஹிதே அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் இருக்கிறது. குடுமியை எடுத்ததாகக் கேள்விப்பட்டு முதலில் கோபம் வந்தது, யோசித்தால் அதுவும் நியாயம்தான் என்கிறார். வந்தால் செட்சு மாகாணத்தைத் தருகிறேன், வேண்டுமானால் வகாசா மாகாணமும் உங்களுக்கே என்று பேரம். அப்புறம் வருகிறது அந்த வரி: நான் இதைச் செய்ததே தடாவோகி போன்றவர்களை ஆளாக்கத்தான், 50 நாளோ 100 நாளோ போனால் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

'உங்களுக்காகத்தான் செய்தேன்!' இதை நானும் உன் அம்மாவும் எத்தனை தடவை உன்னிடம் சொல்லியிருப்போம். அப்பன்மார் மாட்டிக்கொள்ளும்போது முதலில் வாயில் வருவது இதுதான். மிட்சுஹிதே சொன்னதை நான் துளியும் நம்பவில்லை. மாப்பிள்ளைக்காகச் செய்தவர் மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா?

பதிலுக்கு ஆள் வரவில்லை. மோரிகளோடு அவசரமாகச் சமாதானம் பேசிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் ஹிதெயோஷிதான் வந்து சேர்ந்தார். கடிதம் எழுதிய நாலாம் நாள் யமசாகியில் மிட்சுஹிதே தோற்றார். அன்றிரவே தப்பி ஓடும் வழியில், ஒகுருசு பக்கம் குடியானவர்கள் மூங்கில் ஈட்டியால் குத்தியதாகச் சொல்வார்கள்.

தாமா என்ன ஆனாள் என்று கேள். புருஷன் அவளைக் கொல்லவும் இல்லை, தள்ளிவைக்கவும் இல்லை. மிடோனோ என்ற மலைக்காட்டில் இரண்டு வருடம் போல ஒளித்துவைத்தான். துரோகியின் மகள் என்ற பேரோடு மறுபடி குடும்பம் நடத்தினாள், 1587-இல் ஞானஸ்நானம் பெற்று கிரேசியா ஆனாள். 1600-இல் அவளைப் பணயக் கைதியாகப் பிடிக்க எதிரிகள் ஒசாகா வீட்டை வளைத்தார்கள். தற்கொலை அவள் மதத்துக்கு ஆகாது என்பதால் வீட்டுச் சேவகர் கையால் செத்தாள். அப்பன் செய்ததற்கு அவள் கட்டிய வட்டி எவ்வளவு பார்.

நீ போக வேண்டிய இடம் நாகாவோகாக்யோவில் இருக்கும் ஷோரியூஜி கோட்டை. கியோட்டோவிலிருந்து ரயிலில் பக்கம்தான். 1578-இல் தாமாவுக்குக் கல்யாணம் நடந்தது அங்கே. தோற்ற அன்று மிட்சுஹிதே ஓடி வந்து நுழைந்ததும் அதே கோட்டைக்குள். இப்போது அது பூங்கா. நவம்பரில் அவள் பேரில் அந்த ஊரில் விழா எடுத்து, கல்யாண ஊர்வலம் மாதிரி நடத்துகிறார்கள். லீவு கிடைத்தால் அப்போது போய் வா. படம் அனுப்பும்போது எது எங்கே என்று கீழே எழுது.

அப்பா