செந்திலுக்கு: லைன்ல எட்டு பேரை எண்ணுடா

டேய் செந்தில்,

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு நீ எழுதினதப் படிச்சப்புறம்தான் நிம்மதியா இருந்துச்சு, நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ இப்பவே ஜார்ஜியா யுனிவர்சிட்டி இருக்குற ஏதென்ஸ்லதான் காலேஜ் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, எனக்குச் சந்தோஷம்தான்.

காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால்ல உன் டீம் ஒஹாயோ ஸ்டேட்டோட டிஃபென்சிவ் லைன்ல (எதிராளியைத் தடுக்க முன்னாடி நிக்கிற நாலு பேர்) ஸ்டார்ட்டர்ஸ் நாலு பேரும் 2025 ஏப்ரல்ல, ப்ரோ டீமுங்க ஆள் எடுக்குற ட்ராஃப்ட்ல போயிட்டாங்களே, 2025 சீசன் தேறுமான்னு கேட்டிருந்தல்ல. நான் ஒரு டீமோட டிஃபென்சிவ் லைனை எடை போடணும்னா முதல் நாலு பேரை அப்புறமாத்தான் பாப்பேன், முதல்ல அவங்களுக்குப் பின்னாடி இருக்குற நாலு பேர் யாரு, போன வருஷம் அவங்க எத்தனை ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) ஆடினாங்கன்னுதான் பாப்பேன். 150 கிலோ ஆளு ஒருத்தன் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் டபுள் டீமை, அதாவது ரெண்டு பேர் சேர்ந்து தள்ளுறதை, தாங்கி நிக்கணும், பந்து வச்சிருக்குற ஆஃபென்ஸ் கூடிப் பேசுற ஹடில் போடாம ஆளையும் மாத்தாம வேகமா ஆடினா அவனை வெளிய எடுக்கவும் நேரம் கிடைக்காது, ஏழாவது எட்டாவது ஸ்னாப்ல கால் தளரும், கால் தளர்ந்தா முதுகு நிமிரும், முதுகு நிமிந்துட்டா அப்புறம் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் ஆஃபென்ஸ் லைன்ல இருக்குற ஒத்தை கார்டு போதும் அவனைத் தள்ள. நாலாவது குவார்ட்டர்ல பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரன்னுக்கு வழி திறக்குறது பாதி நேரம் இதனாலதான்டா.

எங்க 2021 ஜார்ஜியா லைனை எடுத்துக்கோ. ஜோர்டன் டேவிஸ் 341 பவுண்டு, அந்த வருஷம் அவுட்லேண்ட் ட்ராஃபி, பெட்னாரிக் அவார்ட் ரெண்டும் அவனுக்குத்தான், ஆனா டீமோட டிஃபென்சிவ் ஸ்னாப்ல பாதிகூட அவன் ஆடல. ஆட வேண்டிய தேவையே இல்ல, ஏன்னா ட்ரெவான் வாக்கர், டெவான்டே வயட் கூட ஜேலன் கார்ட்டரும் இருந்தான். அதுல கார்ட்டர் பெரும்பாலும் ஸ்டார்ட்டரே கிடையாது, ரொட்டேஷன்ல, அதாவது ஆளை மாத்தி மாத்தி இறக்குறதுல, உள்ள வந்தவன்! வாக்கர் 2022 ட்ராஃப்ட்ல முதல் பிக், டேவிஸ் 13, வயட் 28, அடுத்த வருஷம் கார்ட்டர் 9. பெஞ்சுல இருந்து வர்ற ஆளு அந்தத் தரத்துல இருந்தா அதுக்குப் பேருதான் டெப்த். ஸ்கூல் பசங்களுக்கு அஞ்சு வரைக்கும் குடுக்குற ரெக்ரூட்டிங் ஸ்டாரை மட்டும் வச்சும் இதச் சொல்ல முடியாது, டேவிஸ் வெறும் த்ரீ ஸ்டார், வயட் ஜூனியர் காலேஜ் சுத்திட்டு வந்தவன்.

அப்பேர்ப்பட்ட லைனே எங்க கான்ஃபரன்ஸான எஸ்இசி ஃபைனல்ல அலபாமா க்வார்ட்டர்பேக் (பந்தை எறியுறவன்) ப்ரைஸ் யங்கை ஒரு தடவைகூட சாக் பண்ணல, அதாவது எறியறதுக்கு முன்னாடி சாய்க்கல, அலபாமாகிட்ட 41-24 தோத்தாங்க. 2022 ஜனவரியில இண்டியானாபொலிஸ்ல நடந்த நேஷனல் ஃபைனல்ல அதே ஆளை நாலு தடவை சாய்ச்சாங்க, கார்ட்டர் ஒரு ஃபீல்ட் கோலையும் ப்ளாக் பண்ணான், 33-18ன்னு ஜெயிச்சாங்க. அலபாமாவுக்கு ரெண்டு நல்ல ரிசீவர் காயத்துல போனதும் ஒரு காரணம், அத மறைக்கக் கூடாது. ஆனா எனக்கு அதுல தெரிஞ்சது என்னன்னா ரன்னை நிறுத்துற டெப்த் வேற, க்வார்ட்டர்பேக்கை விரட்டுற டெப்த் வேற. 2022ல அது இன்னும் தெளிவாத் தெரிஞ்சுது, பெரிய ஆளுங்க மூணு பேரு போயும் ஒரு மேட்ச்சுக்குச் சராசரியா 80 யார்டுக்குக் கீழதான் ரன் விட்டாங்க, ஆனா ஃப்ளோரிடா மேட்ச்ல நோலன் ஸ்மித்துக்கு மார்புத் தசை கிழிஞ்சதுக்கு அப்புறம் லைனோட ஓரமான எட்ஜ்ல அந்த வேகம் இல்ல. உன் டீம் க்வார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் பீச் போல் செமிஃபைனல்ல, தன்னைக் காப்பாத்த நிக்கிற வளையமான பாக்கெட்டை விட்டு ஓடி ஓடி 348 யார்டு, நாலு டச்டவுன் போட்டான். 42-41ல நாங்க தப்பிச்சது கடைசி ஃபீல்ட் கோல் வெளிய போனதாலதான், அந்த ராத்திரி உன்கிட்ட பேசவே எனக்கு மனசு வரல.

இப்ப உன் லைனுக்கு வர்றேன். ஜாக் சாயர், டுயிமோலோவா, டைலீக் வில்லியம்ஸ், டை ஹேமில்டன் நாலு பேரும் 2024ல ட்ராஃப்ட்டுக்குப் போகாம திரும்பி வந்தாங்க பாரு, நேஷனல் டைட்டில் அங்கதான்டா வந்துச்சு. செமிஃபைனல்ல டெக்சஸ் டச்டவுனுக்கு ஒரு யார்டு தூரத்துல நிக்கும்போது முதல்ல தடுத்து, அடுத்து பின்னாடி தள்ளி, கடைசி முயற்சியான நாலாவது டவுன்ல சாயர் பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடினானே, அத இன்னும் அடிக்கடி போட்டுப் பாக்குறேன். நாலு பேரும் போனது பெரிய இழப்புதான், ஆனா கேடன் கரியும் கென்யாட்டா ஜாக்சனும் எட்ஜ்ல ரொட்டேஷன்ல ஆடினவங்க, கேடன் மெக்டொனால்ட் உள்ள ஸ்னாப் வாங்கியிருக்கான், லேரி ஜான்சன் மாதிரி லைன் கோச் 2025லயும் இருக்காரு. அதனால முதல் நாலு பேரைப் பத்தி எனக்கு பயமில்ல. எனக்குச் சந்தேகம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும்தான். 2021க்கு முன்னாடி மாதிரி ரெண்டு மூணு வருஷம் காத்திருன்னு இப்ப எந்தப் பையன்கிட்டயும் சொல்ல முடியாது, ஸ்னாப் கிடைக்கலன்னா டீம் மாறுற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல போயிடுறான், 2025 ஜூலையில இருந்து காலேஜே நேரடியா காசு குடுக்கலாம்னு ஆயிடுச்சு, அந்த பட்ஜெட்ல லைன் நடுவுல ஆடுற ரிசர்வ் டேக்கிளுக்கு எவ்வளவு ஒதுக்குவாங்க சொல்லு. எங்களுக்கும் அதே கவலைதான், மைக்கெல் வில்லியம்ஸ், ஸ்டாக்ஹவுஸ், பிரின்சன், இன்கிராம்-டாகின்ஸ் எல்லாம் ஒரே நேரத்துல காலி, க்றிஸ்டன் மில்லர் 2025க்கு இருக்கான்னு மனசைத் தேத்திட்டிருக்கேன்.

ஒண்ணு சொல்லாம விட மனசு வரலடா. மெக்டொனால்ட் எங்க சுவானிப் பக்கம் நார்த் க்வின்னெட்ல படிச்ச பையன், உங்க லைன்ல இருக்குற எட்ரிக் ஹூஸ்டன் ப்யூஃபோர்ட் ஸ்கூல், ரெண்டும் என் வீட்டுல இருந்து பக்கம். ரெண்டு பேரையும் நீங்க தூக்கிட்டுப் போனது எனக்கு இன்னும் ஆறல. 2025 ஆகஸ்ட் 30ல டெக்சஸ் உங்க ஊருக்கு வருதுல்ல, அன்னிக்கு மூணாவது குவார்ட்டருக்கு அப்புறம் மெக்டொனால்டை எத்தனை தடவை வெளிய எடுக்குறாங்க, அவனுக்குப் பதிலா யாரு வர்றான், வர்றவன் டபுள் டீம்ல நிக்கிறானான்னு மட்டும் பாத்து எனக்கு எழுது.

அன்புடன்,
முரளி